ஏழரை மணிப் பொதுமக்கள்

சிங்கப்பூரில் தமிழ் பேசுகிற பொதுமக்கள் எதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆய்வும் வேண்டாம், கருத்துக் கணிப்பும் வேண்டாம். ஃபேரர் பார்க்கில் ஒரு வீவக அரசு அடுக்குமாடி புளோக்கின் ஆறாம் மாடியில் குடியிருக்கும் சிதம்பரத்தைக் கேட்டால் போதும். பதினோரு வருடமாக அந்தப் பொதுமக்கள் அவர்தான்.

நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. காலை வானொலியில் ‘விடியல் வட்டம்’ என்று ஒரு செய்தி நிகழ்ச்சி. ஏழு மணிக்குத் தலைப்புச் செய்தி, ஏழேகாலுக்குச் சாலை நிலவரம், ஏழரைக்கு ‘மக்கள் குரல்’. அன்றைய செய்திகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, “அன்பான நேயர்களே, இது குறித்து உங்கள் கருத்து என்ன?” என்று கேட்பார் அறிவிப்பாளர் ஸ்ரீநாத். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அன்பான நேயர்கள் அந்த நேரத்தில் எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள். இல்லை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்ட பிள்ளையைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து லாரியில் ஏறியவர்களோ வேலையிடத்துக்கே வந்து சேர்ந்து, தலைக்கவசம் மாட்டியிருப்பார்கள். கருத்துச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனால் வானொலியில் மௌனம் கூடாது. அதற்காகத் தயாரிப்பாளர் நிரஞ்சனா ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கூப்பிட்டால் பேசக்கூடியவர்கள் என்று ஆரம்பத்தில் அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் மகனோடு பெர்த்துக்குப் போய்விட்டார். மூன்று பேருக்குக் காது கேட்கவில்லை. இருவர் ஒருவர்மேல் ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர் சிதம்பரம்.

காலை ஏழேகாலுக்கு அவருடைய கைத்தொலைபேசி அடிக்கும்.

“அங்கிள், இன்னிக்கு டாபிக் பபிள் டீ. யங் பீப்பிள் ரொம்பக் குடிக்கிறாங்களான்னு. நீங்க அகென்ஸ்டா பேசுறீங்களா?”

“நேத்துதாம்மா வாடகை சைக்கிளுக்கு அகென்ஸ்டா பேசினேன். இன்னிக்கும் அகென்ஸ்ட்னா நல்லாருக்குமா?”

“பபிள் டீக்கு யாரும் சப்போர்ட்டா பேச மாட்டாங்க லா அங்கிள். அகென்ஸ்டே போங்க.”

சிதம்பரம் வாழ்நாளில் பபிள் டீ குடித்ததில்லை. ஆனாலும் பதினைந்து நிமிடத்தில் அவருக்கு அதைப் பற்றி ஒரு கருத்து வந்துவிடும்.

இந்தத் திறமை வானத்திலிருந்து விழவில்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து முனையத்தில் நேரக் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். தாமதமான பேருந்துக்காகக் கொதித்துப் போய் வருகிறவர்களிடம், “வந்துக்கிட்டே இருக்கு” என்று மூன்று மொழியில் சொல்வதுதான் வேலை. பேருந்து எங்கே வருகிறது என்று அவருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூட அவரை அடித்ததில்லை. வேறு தகுதி என்ன வேண்டும்?

முதல் வருடம் மட்டும் ஒரு சறுக்கல். ஏதோ ஒரு கட்டண உயர்வைப் பற்றி மனதில் பட்டதைப் பட்டென்று பேசிவிட்டார். நாற்பதாவது விநாடியில், “இணைப்பில் கோளாறு போலிருக்கிறது” என்று ஸ்ரீநாத் வருத்தப்பட, உடனே ஒரு பாட்டு ஒலித்தது. சிதம்பரம் புத்திசாலி. மறுநாளே தமக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் வணக்கமும் நிகழ்ச்சிக்குப் பாராட்டும். பிறகு ஒரு பக்கத்து நியாயம். பிறகு, “அதே வேளையில்” என்று ஆரம்பித்து மறுபக்கத்து நியாயம். கடைசியில், “சம்பந்தப்பட்டவர்கள் தக்க நடவடிக்கை எடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு, நன்றி, வணக்கம்.” மொத்தம் ஒரு நிமிடம் இருபது விநாடி. அதற்குப் பிறகு அவருடைய இணைப்பில் கோளாறு வந்ததே இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று அவர் கேட்டதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் பேசினால் விவாதம் ஆகாதே. ஒருநாள் நிரஞ்சனா கெஞ்சினாள் என்பதற்காக, வீட்டுத் தொலைபேசியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டு, தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, ‘உட்லண்ட்ஸ் துரைசாமி’ என்று பேசினார். ஃபேரர் பார்க் சிதம்பரம் சொன்னதைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்றார். வேடிக்கை என்னவென்றால், உட்லண்ட்ஸ் துரைசாமிக்குக் கோபம் வரும். “அதே வேளையில்” எல்லாம் அவரிடம் கிடையாது. உட்லண்ட்ஸில் இருப்பவருக்கு இழக்க என்ன இருக்கிறது? பெயரும் சொந்தமில்லை, வீடும் சொந்தமில்லை. மாதத்தில் இரண்டு முறை அவர் வந்து பொரிந்து தள்ளிவிட்டுப் போவார்.

“அந்த ஆளு தேவலாம். பேச்சுல ஒரு ருசி இருக்கு” என்பாள் சிதம்பரத்தின் மனைவி வசந்தகுமாரி.

வசந்தகுமாரி ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் கடை வைத்திருந்தவள். இருநூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே, “சில்லறைய கையில வெச்சுக்கிட்டு லைன்ல நில்லு!” என்று சொல்லிப் பழகிய குரல். ‘மக்கள் குரல்’ நிகழ்ச்சியில் அவளுக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. இணைப்பில் வருகிறவர் வீட்டில் வானொலி ஒலித்தால் கிறீச்சென்று எதிரொலிக்கும். அதனால் கணவர் பேசத் தொடங்கியதும் எழுந்து போய் வானொலியை அணைக்க வேண்டும். முடிந்ததும் போட வேண்டும். ஆகவே, தீவு முழுவதும் கேட்ட சிதம்பரத்தை வானொலியில் ஒருமுறைகூடக் கேட்காதவள் அவர் மனைவி மட்டும்தான். கூடத்தில் இருந்தபடியே நேரில் கேட்டதோடு சரி.

சென்ற ஆண்டின் கடைசியில் வசந்தகுமாரி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்தது, உலோகத் தட்டு வைத்தார்கள், சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கள், புதன், வெள்ளி காலை எட்டரைக்குத் தெருமுனையில் உள்ள மறுவாழ்வு நிலையத்தில் உடற்பயிற்சி. “மூணு மாசத்துக்குள்ள எழுந்து நிக்கணும் ஆண்ட்டி. விட்டுட்டீங்கன்னா அப்புறம் இந்த நாற்காலிதான்” என்று பயிற்சி கொடுக்கும் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். அன்று முதல் கூடத்தில் வானொலியை அணைக்க ஆளில்லாமல், சிதம்பரம் அதைத் தூக்கி மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.

பயிற்சி தொடங்கிய இரண்டாம் வாரம், புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த சாய்வுப் பாதையை உடைத்தார்கள். அடியில் குழாய் மாற்ற வேண்டுமாம். ஆரஞ்சு நிறத் தடுப்பு வைத்து, நான்கு மொழியில் வருத்தம் தெரிவித்து, இரண்டு வாரம் என்று பலகை மாட்டினார்கள். குழாயை மாற்றி மூன்றே நாளில் மண்ணையும் தள்ளி மூடிவிட்டார்கள். பாதையைத் திரும்பப் போடுவது வேறொரு குத்தகையாளரின் வேலையாம். அவர் வரவில்லை. பலகை மட்டும் இருந்தது, வருத்தம் தெரிவித்துக்கொண்டே. ஏழு வாரம் ஆயிற்று.

மின்தூக்கியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போக ஆறு படிகள். வெறும் ஆறுதான். நடக்கிறவர்களுக்கு அது கணக்கிலேயே வராது. நான்காம் மாடி ரவூப் டாக்சி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். வேலைக்குக் கிளம்புமுன் அவர் ஒரு பக்கமும் சிதம்பரம் ஒரு பக்கமுமாக நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்குவார்கள். அவர் அதிகாலையிலேயே வண்டியை எடுத்துவிடுகிற நாளில் பயிற்சி கிடையாது. அறுபத்தெட்டு வயதும் ஐம்பத்தொன்பது வயதும் சேர்ந்து ஓர் ஆளைச் சுமக்கிற அழகை, எதிரே கோப்பிக்கடையில் எல்லாரும் கோப்பியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

சிதம்பரம் வட்டார அலுவலகத்துக்கு நான்கு முறை தொலைபேசினார். நான்கு முறையும் மரியாதையாகப் பேசினார். நான்கு முறையும் மரியாதையாகவே ஒரு குறிப்பு எண் கொடுத்தார்கள்.

அந்த ஏழாம் வாரத்துத் திங்கட்கிழமை ரவூப் வாசலில் வந்து நின்றார். “அண்ணே, மன்னிச்சிருங்க. இடுப்பு புடிச்சிக்கிச்சு. டாக்டர் ஒரு கிலோ அரிசிகூடத் தூக்கக் கூடாதுங்கறாரு.”

அன்று சிதம்பரம் தனியாகவே இறக்கிப் பார்த்தார். நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு படியாக. மூன்றாம் படியில் சக்கரம் நழுவியது. அவளுடைய ஒரு செருப்பு தடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள். அடி எதுவும் இல்லை. கோப்பிக்கடையிலிருந்து ஓடிவந்த இருவர் நாற்காலியைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள்.

“வீட்டுக்குப் போலாம்” என்றாள் வசந்தகுமாரி.

பயிற்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. இதுவரை பாதி நாள் வரவில்லை, இனியும் விட்டால் கஷ்டம் என்றாள் அந்தப் பெண். தொலைபேசியை வைத்த பிறகு வசந்தகுமாரி கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

“பதினோரு வருசமா ஊருக்கெல்லாம் பேசுறீங்க. சைக்கிளுக்குப் பேசுனீங்க, பொறாவுக்குப் பேசுனீங்க. எனக்காக ஒரு நாளு பேசுங்க.”

சிதம்பரம் அன்றே நிரஞ்சனாவைக் கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு முதலில் யாரென்றே புரியவில்லை.

“அங்கிள், சொந்தக் கம்ப்ளெய்ன்ட் எல்லாம் நாங்க எடுக்கறதில்ல லா. அதுக்கு ஹாட்லைன் இருக்கே.” பிறகு மனம் கேட்காமல் சொன்னாள்: “வெட்னஸ்டே டாபிக் ‘முதியோருக்கு உகந்த நகரம்’. அதுல ஒரு எக்ஸாம்பிளா சொல்லுங்க. ஆனா எண்டிங் பாசிட்டிவ்வா இருக்கட்டும், ப்ளீஸ்.”

செவ்வாய் முழுவதும் சிதம்பரம் எழுதினார். எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினார். ஏழு வாரம், ஆறு படி, நான்கு குறிப்பு எண்கள், பறந்துபோன செருப்பு எல்லாம் அதில் இருந்தன. கேட்டுவிட்டு வசந்தகுமாரி, “இப்பிடியே பேசிருங்க, போதும்” என்றாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை ஏழரை. “இணைப்பில் நமது நீண்டகால நேயர், ஃபேரர் பார்க்கிலிருந்து திரு சிதம்பரம். வணக்கம் ஐயா!”

வசந்தகுமாரி வானொலியை அணைத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வணக்கம் ஸ்ரீநாத். மிகப் பயனுள்ள தலைப்பை எடுத்துக்கொண்ட விடியல் வட்டத்துக்கு முதற்கண் என் பாராட்டுகள்” என்று தொடங்கினார் சிதம்பரம். காகிதத்தில் அது இல்லை. பரவாயில்லை, தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார் என்று அவள் நினைத்தாள். “எங்கள் புளோக்கில் சாய்வுப் பாதை ஒன்று சீரமைப்புக்காக மூடப்பட்டுள்ளது. என் மனைவி சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார். சில வாரங்களாக அவருக்குச் சற்று அசௌகரியம்தான்.”

சில வாரங்கள். சற்று. அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எப்போதும் பேசும்போது மூடுகிற மாதிரியே. கையில் காகிதம் மடித்தபடி இருந்தது. பாவம், அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. பதினோரு வருடம் ஓடிய தடத்தில் வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

“அதே வேளையில்,” என்றார் சிதம்பரம், “ஒரு நகரம் என்றால் குழாய்களும் பழுதாகும். பராமரிப்புப் பணிகள் அவசியம் என்பதை நாமும் புரிந்துகொள்ள வேண்டும். பொறுமை காப்பது குடிமக்களின் கடமை. ஆகவே, சம்பந்தப்பட்டவர்கள் தக்க...”

“அந்த போனை இங்க குடுங்க.”

கேன்டீன் குரல். சிதம்பரம் கண்ணைத் திறந்தார். முப்பத்தேழு வருடத் திருமணத்தில் அந்தக் குரலுக்கு எப்படிக் கீழ்ப்படிந்தாரோ அப்படியே நீட்டிவிட்டார்.

“ஹலோ தம்பி, நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன்.”

“அம்மா... வணக்கம். உங்கள் வானொலியின் ஒலியைச் சற்றுக் குறைத்து...”

“அதெல்லாம் நான் பதினோரு வருசமா அணைச்சிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க கேளுங்க. அசௌகரியம் இல்ல தம்பி. ஆறு படி. ஏழு வாரம். ரெண்டு வாரம்னு போர்டு போட்டாங்க, ஆளு வரல. முந்தாநேத்து அந்தப் படியில எங்க வீட்டுக்காரரு என்னைக் கீழ போடப் பாத்தாரு. வேணும்னு இல்ல, வயசாச்சு, அவரால முடியல. இந்த மாசம் பயிற்சிக்குப் போகலேன்னா நான் இனிமே நடக்க மாட்டேனாம். எனக்கு நடக்கணும். அவ்வளவுதான்.”

ஸ்ரீநாத் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“மிக்க நன்றி அம்மா. ஐயா தொடக்கத்தில் கூறியதுபோல...”

“அவரு சொன்னத விடுங்க. அவரு ஃபேரர் பார்க்குலருந்து பேசுனா இப்பிடித்தான் வழவழன்னு பேசுவாரு. உட்லண்ட்ஸ்லருந்து பேசும்போது நல்லாப் பேசுவாரு.”

சொல்லிவிட்டு நன்றி, வணக்கம் எதுவும் இல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டாள். அப்புறம் வானொலியைப் போட்டாள். அதில் ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்பது விநாடி. விடியல் வட்டத்தின் வரலாற்றில் அவ்வளவு நீளமான மௌனம் இருந்ததில்லை. பிறகு அவசர அவசரமாக ஒரு காதல் பாட்டு, நடுவிலிருந்து ஆரம்பித்தது.

சிதம்பரம் மடித்த காகிதத்தை விரித்துப் பார்த்தார். எல்லாம் அதில் எழுதித்தான் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. பபிள் டீயைத் திட்டும்போது இருந்த சூடு, பெண்டாட்டியின் காலுக்காகப் பேசும்போது வரவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

“நான் சொல்லத்தான் வந்தேன் வசந்தா. கடைசியில சொல்லலாம்னு...”

“கடைசியில நன்றி வணக்கம்தான வரும்” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. “கோப்பி ஆறுது, குடிங்க.”

பத்து மணிக்குள் சம்பந்தப்பட்டவர்கள் வந்தார்கள். பதினோரு வருடமாக நம்பிக்கை தெரிவித்துவந்த அவர்களைச் சிதம்பரம் அன்றுதான் கண்ணால் கண்டார். மூன்று பேர். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒருவர் படிகளை எண்ணினார், ஆறுதான் என்று உறுதிப்படுத்தினார். மூன்றாமவர் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். வியாழனன்று அந்தக் குத்தகையாளர் எங்கிருந்தோ கிடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சிமெண்டு கொட்டினார்கள். அன்று பயிற்சிக்கு, கோப்பிக்கடையிலிருந்து நான்கு பேர் தாமாகவே வந்து வசந்தகுமாரியைத் தூக்கி இறக்கினார்கள். அவர்களும் வானொலி கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஞாயிறு மாலை தடுப்பை எடுத்துவிட்டு, பலகையையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இதற்குள் விடியல் வட்டம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ‘மக்கள் குரல்: மக்களின் வெற்றி’ என்று தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டது. ஒன்பது விநாடியைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அந்த இரண்டு நாளும் சிதம்பரத்துக்கு அழைப்பு வரவில்லை. ஏழேகால் ஆனதும் அவர் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பார், சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. வசந்தகுமாரி கவனிக்காததுபோல இருந்தாள்.

திங்கட்கிழமை பயிற்சி எட்டு மணிக்கே. அன்றிலிருந்து கம்பியைப் பிடித்து நடக்க வைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழரை ஆகச் சற்று முன் மின்தூக்கியை விட்டு வெளியே வந்தார்கள். புதுச் சிமெண்டு இன்னும் வெளுப்பாக இருந்தது. சிதம்பரம் நாற்காலியைச் சாய்வின் மேல்முனையில் கொண்டுவந்து நிறுத்திய நேரம் தொலைபேசி அடித்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையும் நாற்காலியில் இருந்ததால், மனைவிதான் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அங்கிள், மார்னிங்! ஆண்ட்டி இருக்காங்களா? இன்னிக்கு டாபிக் ஏர்கண்டிஷன் பில். லிஸனர்ஸ் எல்லாம் அவங்களதான் கேக்கறாங்க. ஸ்ரீநாத் வெயிட்டிங், ஆன் ஏர் போக இன்னும் ஒரு நிமிஷம்தான்!”

சிதம்பரத்தின் மலர்ச்சி அப்படியே இறங்கியது. ஆனாலும் பெரிய மனதோடு, பேசு என்று மனைவிக்குத் தலையசைத்தார்.

“எங்க வீட்டுல ஏர்கண்டிஷன் கெடையாதேம்மா” என்றாள் வசந்தகுமாரி. “அதப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

ஃபேரர் பார்க்கிலிருந்து அப்படி ஒரு பதிலை நிரஞ்சனா இதுவரை கேட்டதில்லை. “இட்ஸ் ஓகே ஆண்ட்டி, ஜெனரலா ஏதாச்சும்...”

“எனக்கு இப்ப நேரமில்லம்மா. நடக்கப் போறேன்.”

“அப்ப... அப்ப அங்கிள்? அங்கிள், யூ கேன்? ஃபார், அகென்ஸ்ட் எதுன்னாலும் ஓகே லா!”

சிதம்பரம் தொலைபேசியைப் பார்த்தார். கீழே சரிந்து போகும் பாதையைப் பார்த்தார். ஏர்கண்டிஷன் பற்றி அவருக்கு இரண்டு பக்கத்து நியாயமும் அதற்குள் தோன்றிவிட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகும்.

“ரெண்டு கையும் வேலையா இருக்கும்மா” என்றார். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கத் தொடங்கினார்.

அன்று ஏழரைக்கு ‘மக்கள் குரல்’ நிகழ்ச்சியில் தொடர்ந்து மூன்று பாட்டுப் போட்டார்கள் என்று சாயங்காலம் ரவூப் வந்து சொன்னார்.